செவுள் இல்லாத மீன்

தேக்கா சந்தையில் இருபத்திரண்டு வருஷமாக
மீன் விற்கிறேன்.
முப்பது நாளைக்கு மீனும் கறியும் வேண்டாம்
என்று நான் சொன்னபோது
பக்கத்துக் கடை அமீர்தீன்
ஐஸ் வாளியைக் கவிழ்க்காமல் நிறுத்தி
"கடைய விக்கப் போறியா?" என்றார்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் கொடுத்தேன்.
பாலிகிளினிக் என்றால் நம்பினார்கள்.
புரட்டாசி என்றால் உடனே நம்பினார்கள்.
உள்ள காரணம் சின்னது.
எம்ஆர்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்
மூக்கைப் பொத்தாமல்,
மிக நாகரிகமாக,
எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டான்.

முதல் நாள்
ஒரு குவளை அரிசி, ஒரு பிடி பாசிப்பருப்பு,
நறுக்கத் தெரியாமல் நறுக்கிய கேரட்.
(இத்தனை வருஷம் முள்ளைத் தேடிப் பழகிய கத்தி
கேரட்டுக்குள் தடுமாறியது.)
உப்பு, மஞ்சள்தூள், குக்கரில் ஒரு பொத்தான்.
குளித்துவிட்டு வருவதற்குள் 'டிக்' என்றது.
இவ்வளவுதானா என்று
மூடியைக் கையில் பிடித்தபடி
கொஞ்ச நேரம் ஆவியைப் பார்த்து நின்றேன்.

மறுநாளும் அதுவே, கேரட்டுக்குப் பதில் கீரை.
மூன்றாம் நாள்
காயா ரொட்டியைப் பாதி தின்றபின்
காயாவில் முட்டை என்று ஞாபகம் வந்தது.
நான்காம் நாள் கங்கோங்.
இலைதானே என்று வாங்கினேன்.
இலைமேல் சம்பல், சம்பலுக்குள் பிளாச்சான்,
பிளாச்சானுக்குள் இறால்.
இந்த ஊரில் எல்லாத் தட்டிலும்
ஒரு மூலையில் கடல் உட்கார்ந்திருக்கிறது,
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல்.

காப்பாற்றியது எட்டாம் மாடி சியூ லான்.
ஒன்பது நாள் அவளுக்கும் விரதம்,
உடுத்துவது வெள்ளை மட்டும்.
தவ்குவாக் கட்டி ரெண்டைக் கையில் திணித்து
"போத்தோங், கோரெங், கிச்சாப், ஹாபிஸ்" என்றாள்.
வெட்டினேன், பொரித்தேன்,
சோயா ஊற்றினேன்,
தீர்ந்தது.
நாலு சொல்லில் ஒரு சமையல்,
அதிலும் ஒன்று தின்று முடித்ததற்கு.

சனிக்கிழமை அவள் கூட்டிப்போன சைவக் கடையில்
தட்டில் ஒரு மீன் வந்தது.
உடம்பு சோயா ஏடு, தோல் கடற்பாசி.
பழக்கதோஷம்,
விரலால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் நிமிரவில்லை.
செவுளைத் தூக்கப் போனேன், செவுள் இல்லை.
கண்ணும் இல்லை.
இதைப் புதுசு என்று சத்தியம் செய்து விற்க முடியாது.
பழசு என்று
யாரும் முகத்தில் எறியவும் முடியாது.
சியூ லான் சிரித்த சிரிப்பில் மேஜையெல்லாம் தேநீர்.
முள் பயம் இல்லாமல் நான் மீன் தின்றது
ஆயுசுக்கும் அன்றுதான்.

பதினெட்டாம் நாள் காலை
திருமதி லோகாம்பாள் கேட்டார்,
"கொடுவா எப்படி? கொழம்புக்கா, பொரிக்கவா?"
நாக்கைக் கேட்டுப் பார்த்தேன்,
அது பருப்புச் சோற்றை நினைத்துக்கொண்டிருந்தது.
வயிற்றுப் பக்கத்தைத் தடவி
கைதான் பதில் சொன்னது,
"கொழம்புக்கு."
மறுநாள் வந்து
நல்லா இருந்தது என்றார்.

முப்பதாம் நாள் ராத்திரி
எலுமிச்சை தேய்த்து, கல்லுப்பு தேய்த்து,
இரண்டு கையையும் முகர்ந்தேன்.
மீன்.
அதற்கும் அடியில், நகக்கண்ணில்,
கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் மல்லித்தழை,
யாரோ புதுசாகக் குடிவந்த மாதிரி.
லிஃப்ட் பக்கத்துப் பூனை
எப்போதும்போல் ஓடி வந்து
விரல் விரலாக மோந்துவிட்டு
ஒரு தும்மல் போட்டது.
பிறகு நக்கியது.

இன்று அமீர்தீன் எனக்கென்று
வஞ்சிரத்தில் நடுத்துண்டு எடுத்து வைத்திருந்தார்.
"கணக்கு முடிஞ்சுதுல்ல?"
முடிஞ்சுது என்றேன்.
ஐஸிலேயே இருக்கட்டும் என்றேன்.
வீட்டில் பாசிப்பருப்பு தீர்ந்திருந்தது.
கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு,
ரப்பர் பூட்ஸோடு,
ஈரத்தரையில் தடம் பதிய
எதிர் மளிகைக்கு நடந்தேன்.